வராத ஆமென்

ஆல்டர் என்கிற பீடத்திலிருந்து வாசலைப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும், வாசலிலிருந்து ஆல்டரைப் பார்த்துக் கூட்டக் கூடாது; எபனேசர்விளை வேதக்கோயிலில் இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எந்தப் பொம்பளையும் மாற்றிக் கூட்டி ஊர் பார்த்ததில்லை. சனிக்கிழமை மூணு மணிக்கு முறைக்காரிகள் இரண்டு பேர் வருவார்கள், ஒருத்தி ஆண்கள் உட்காரும் பக்கம், ஒருத்தி பெண்கள் பக்கம், ஆல்டர் படியில் ஆரம்பித்துத் தூண் தூணாக இறங்கிக் கடைசியில் பெரிய வாசலில் வந்து சேர்ந்தால் இரண்டு குப்பையும் ஒரே குவியலாகும், ஒருத்தி சொளவு என்கிற முறத்தைப் பிடிக்க ஒருத்தி தள்ளுவாள், அப்புறம் அங்கேயே உட்கார்ந்து ஒரு சின்ன ஜெபம், கதவைப் பூட்டி, மணியடிக்கிற கோயில்குட்டியார் வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டால் முறை முடிந்தது. முப்பது வருஷமாய்க் கூட்டுகிற பிரகாசிக்கு இது தூக்கத்திலும் தெரியும். இன்றைக்கு மட்டும் அந்தப் பெரிய வாசலை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டிருப்பது தங்கபுஷ்பம், அடுத்த வீட்டுத் தங்கபுஷ்பம், முப்பத்தெட்டு நாளாய் இவளோடு ஒரு வார்த்தை பேசாத தங்கபுஷ்பம். பார்க்க வேண்டியதில்லை, வாரியல் சத்தமே போதும். பிரகாசியின் வாரியல் சரக்சரக்கென்று அவசரக்காரி மாதிரி பேசும், தங்கபுஷ்பத்தினுடையது நீளமாய் இழுத்து நடுவில் ஒரு மூச்சு விட்டு மறுபடி இழுக்கும், சோறு வடிக்கிறவள் கஞ்சி சிந்தாமல் வடிக்கிற மாதிரி நிதானம். அந்த மூச்சு விடுகிற இடத்தில் முன்னெல்லாம் ஒரு பேச்சு வரும். ஏட்டி, இந்த வௌவாலு புழுக்கைய யாரு அள்ள, ஐயரம்மாவா வருவாவ? ஏட்டி, உன் பக்கந்தான் மண்ணு கொறச்சல், என் பக்கம் செம்மண் தேரியே வந்து கெடக்கு. இப்போது அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் மூச்சு. ஆடிக் காற்று கதவுக்கு அடியில் செம்மண்ணை ஊதி ஊதி உள்ளே தள்ளியிருந்தது, கூட்டக் கூட்டச் சிவப்பாய்ப் பறந்து தொண்டையைப் பிடித்தது. இருமலாமா என்று யோசித்தாள். இருமினால் அவள் பார்ப்பாளோ. பார்க்க வைக்க இருமுகிறாள் என்று நினைப்பாளோ. இருமலை விழுங்கினாள், கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

முறையை மாற்றிக்கொண்டிருக்கலாம். ஐயரம்மாவே கேட்டார்கள், போதகரை அந்தப் பக்கம் ஐயர் என்றும் அவர் வீட்டம்மாவை ஐயரம்மா என்றும்தான் சொல்வார்கள், அந்த அம்மா முறை எழுதின தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பிரகாசி, இந்த வாரம் ஒனக்கும் அவளுக்குமா விழுந்துட்டு, வேற ஆள் போடட்டுமா என்று மெதுவாய்க் கேட்டார்கள். வேண்டாம்மா என்று வாய் முந்திக்கொண்டது. இந்த வாய் எப்பவும் முந்திக்கொள்ளும். அப்புறம் வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதுகிறபோதுதான் தோன்றியது, அவளிடமும் கேட்டிருப்பார்களே, அவளும் வேண்டாம் என்று சொன்னதால்தானே பெயர் மாறவில்லை. சொன்னாளா, இல்லை ஐயரம்மா அவளிடம் கேட்கவே இல்லையா. கேட்டும் அவள் பேசாமல் நின்றதை ஐயரம்மா சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்களா. மூணு நாளாய் இந்த ஒரு யோசனையை அவள் முன்றானையில் முடிந்த சுக்குத்துண்டு மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொடும்போது கொஞ்சம் சூடாயிருக்கும், அடுத்த நிமிஷம் ஆறிப்போகும். இரண்டாம் தூண். இந்தத் தூணோரம்தான் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே பாயில் உட்காருவார்கள். பிரகாசி மூணாங்கிளாஸ் தாண்டவில்லை, பாட்டுப் புஸ்தகத்தின் பொடி எழுத்து அவளுக்கு எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். தங்கபுஷ்பத்துக்கு எழுத்து வரும், தொண்டை வராது. அதனால் அவள் அடுத்த வரியை இவள் காதில் முணுமுணுப்பாள், இவள் கோயில் அதிரப் பாடுவாள். கண் அவளுடையது, வாய் இவளுடையது. இந்த முப்பத்தெட்டு நாளில் தங்கபுஷ்பம் பாயை அந்தக் கடைசித் தூணுக்கு மாற்றிவிட்டாள், பிரகாசி முதல் வரியைப் பாடிவிட்டு மற்ற வரிகளுக்கு வாயை அசைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் உட்காருகிற லில்லிபாய், என்னக்கா தொண்ட கட்டிட்டா என்று கேட்டாள். ஆமா பிள்ள, பனி என்றாள். ஆடி மாசத்தில் என்ன பனி.

பேச்சு நின்றுபோன அந்தப் புதன்கிழமையைப் பற்றி நினைக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே தினமும் நினைக்கிறாள். பெண்கள் கூட்டம், இருபது பேர் இருப்பார்கள், முழங்காலில் நிற்கிறார்கள், தங்கபுஷ்பம் பக்கத்தில். யாராவது ஜெபம் பண்ணுங்க என்று ஐயரம்மா சொன்னால் எல்லோருடைய மூச்சும் பிரகாசியின் பக்கம் திரும்பும், அது அவளுக்குத் தெரியும். அவளும் ஆரம்பித்தாள். மழைக்கு, சீக்காளிகளுக்கு, படிக்கிற பிள்ளைகளுக்கு. வார்த்தை ஊறி ஊறி வந்தது, பின்னால் தோத்திரம் தோத்திரம் என்று சத்தம் ஏறியது, உடம்பில் ஒரு சூடு, நெற்றியில் வேர்வை, கண்ணை மூடினால் பெரிய வெளிச்சத்தில் நிற்கிற மாதிரி. அப்போதுதான் சொன்னாள். ஆண்டவரே, உமக்கென்று நேர்ந்துவிட்ட எங்கள் ரூபனை நினைத்தருளும், ஐயருக்குப் படிக்கப் போன பிள்ளை படிப்பை விட்டுவிட்டு திருப்பூரிலே பனியன் கம்பெனியிலே நிற்கிறான் ஆண்டவரே, விசுவாசத்தை விட்டு விலகின பிள்ளையை இழுத்துக்கொண்டு வாரும் ஆண்டவரே. தங்கபுஷ்பத்தின் ஒரே மகன் ரூபன். அதற்கு முந்தின வாரம் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிராமல், தங்கபுஷ்பம் இவளிடம் மட்டும் சொன்ன விஷயம். அம்மா, நானே வந்து அப்பாட்ட சொல்லுதேன், அதுவர யாருட்டயும் மூச்சு விடாதன்னு சொல்லிருக்காம்ட்டி, ஒங்கிட்ட சொல்லாம நெஞ்சு அடைக்கி. அன்று பொழுது சாயுமுன் டீக்கடையில் வைத்து ரூபனுடைய அப்பா சாமிதாசிடம் எவனோ கேட்டான், என்ன சாமிதாசு, மவன் பனியன் தைக்கானாமே, நமக்கு ரெண்டு சொல்லி வையி. மனுஷன் கிளாசை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து போனில் மகனிடம் கத்தின கத்து இவள் வீட்டு அடுப்படி வரை கேட்டது. அன்றைக்கு ரூபன் தன் அம்மாவிடம் ஒரே வார்த்தை சொன்னானாம், ஒன்ன நம்புனேம்மா. அதோடு சரி. போனை எடுப்பதில்லை.

தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா. அதுதான் கேள்வி, மற்றதெல்லாம் சும்மா. தெரியாமல் வந்துவிட்டது என்று புருஷன் தவமணியிடம் அழுதாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, ஏ பிள்ள, ஆண்டவருக்குக் காது நல்லாத்தான கேக்கும், அந்தச் சத்தம் எதுக்கு என்றார், அவ்வளவுதான், அதற்கு மேல் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆண்டவரிடம்தானே சொன்னேன், மனுஷரிடமா சொன்னேன் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துப் பார்த்தாள். ஆனால் ஆண்டவருக்கு முன்னமே தெரியுமே. தெரிந்தவருக்குத் திருப்பூர் என்று ஊர் பேர் எதற்கு. கம்பெனி எதற்கு. வாரியல் ஒரு ஈர்க்கை உதிர்த்தது, அதைக் குனிந்து எடுத்தாள், எடுத்த இடத்தில் அந்த நிமிஷம் அப்படியே கிடந்தது. ரூபன் என்ற பெயர் வாயிலிருந்து வந்ததும் பின்னால் தோத்திரச் சத்தம் நின்றுபோனதே, இருபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்களே, அந்த நிசப்தம், அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆமாம், பிடித்திருந்தது. சுடுசோற்றில் நெய் ஊற்றின மாதிரி உள்ளே இறங்கியது. அந்த ருசியில்தான் திருப்பூர் வந்தது, பனியன் கம்பெனி வந்தது. முடிக்கிறபோது எல்லோரும் ஆமென் என்றார்கள், கோயிலே அதிர்கிற மாதிரி ஆமென். ஆனால் இடது காதுப் பக்கம் ஒரு ஆமென் வரவில்லை. முப்பது வருஷமாய் இவள் எந்த ஜெபம் பண்ணினாலும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பொடிச் சத்தம் வரும், வார்த்தை கோர்க்கத் தெரியாத தங்கபுஷ்பத்தின் ஆமென், மற்ற எல்லா ஆமெனும் அடங்கின பிறகு ஒரு வினாடி பிந்தி வரும். அது வரவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். தங்கபுஷ்பம் முழங்காலில் நின்றபடி கண்ணை நன்றாகத் திறந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாய்க்கூட இல்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு சாமான் களவு போனதைப் பார்க்கிறவள் பார்க்கிற மாதிரி.

மூணாம் தூணில் முட்டு பிடித்துக்கொண்டது. போன மழைக்குப் படியில் விழுந்ததிலிருந்து வலது முட்டு இப்படித்தான், குனிந்தால் நிமிராது, நிமிர்ந்தால் குனியாது. வாரியலைத் தரையில் ஊன்றித் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் வாரியல் சத்தம் நின்றது. நின்றது நின்றதுதான், ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பார்க்கிறாளா. வௌவாலைப் பார்க்கிறாளா. இல்லை அவளும் களைத்துவிட்டாளா, அவளுக்கும் வயசு அறுபது ஆகிறதே, இவளுக்கு இரண்டு வயசு மூத்தவள். திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பவில்லை. சாமிதாசும் தவமணியும் ஒரே வருஷம் கல்யாணம் முடித்தவர்கள், புதுப்பெண்ணாய் வந்த இவளுக்கு உலையில் எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று சுவருக்கு மேலே எட்டிச் சொன்னவள் அவள். இவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது நாற்பது நாளும் வெந்நீர் வைத்து இடுப்பில் ஊற்றினவள் அவள். தன் பிள்ளைக்காக அவள் பத்து வருஷம் காத்திருந்தாள். அதுவும் ஏழு மாசத்தில் பிறந்தது, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழங்கை நீளத்தில், அணில்குஞ்சு மாதிரி. சாயந்திரம் தாண்டினா பாக்கலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். கட்டிலில் கிடந்தவள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ ஜெபம் பண்ணுட்டி, எனக்கு நாக்கு எழும்பல, பிள்ள பொழைக்கணும்னு மட்டும் சொல்லு என்றாள். மட்டும். மட்டும் என்று சொன்னாள். தூணோரம் பிரகாசியின் கையிலிருந்து வாரியல் நழுவித் தரையில் விழுந்தது, அந்தச் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. மட்டும் என்றுதான் சொன்னாள். இவள்தான், இந்த வாய்தான், ஆண்டவரே, இந்தப் பிள்ளை பிழைத்தால் உமக்கே ஊழியக்காரனாகக் கொடுத்துவிடுகிறோம் என்று சொன்னது. யார் பிள்ளையை யார் கொடுப்பது? ஜெபத்தின் சூட்டில் வந்துவிட்டது, கேட்க நன்றாக இருந்தது, சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். கட்டிலில் கிடந்தவள் ஒரு வினாடி பிந்தி ஆமென் என்றாள். பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து அவன் நேர்ந்துவிட்ட பிள்ளை. அவன் மரம் ஏறினால், ஐயராகப் போற பிள்ள மரம் ஏறலாமா. அவன் பந்து அடித்தால், ஐயராகப் போற பிள்ள. எல்லாரும் சொன்னார்கள், எல்லாரையும்விட இவள் சொன்னாள், ஏனென்றால் அது இவள் ஜெபம், பலித்த ஜெபம், ஊருக்கெல்லாம் காட்டுகிற ஜெபம். தங்கபுஷ்பம் கீரை ஆய்ந்துகொண்டே இன்னொன்றும் சொல்லியிருந்தாள், இவள் அதைக் காதில் வாங்கவே இல்லை, இப்போது தூணோரம் உட்கார்ந்திருக்கையில்தான் அது நடந்து நடந்து வந்து சேர்ந்தது. அம்மா, பிரசங்கம் பண்ணுன்னா வாய் தானாப் பேசுது, கேக்குறவங்க அழுறாங்க, உள்ள பாத்தா ஒண்ணுமில்ல, பொய்யா நிக்க முடியலம்மான்னு சொல்லுதாம்ட்டி. இருபத்தாறு வயசுப் பிள்ளை. வாய் தானாகப் பேசுகிறது, உள்ளே ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, கீழே இறங்கிவிட்டான். இவளுக்கு ஐம்பத்தெட்டு. விலகிப்போன பிள்ளை என்று அவனையா சொன்னாள்? அன்றைக்கு அவனுக்காகவா ஜெபம் பண்ணினாள், தன் ஜெபம் தோற்றுப்போன கோபத்தில் அவன் பேரில் புகார் அல்லவா கொடுத்தாள். ஐயோ ஆண்டவரே என்று வாய் வரை வந்தது. வந்ததைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள். அந்தப் பக்கம் வாரியல் மறுபடி இழுக்க ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாய், இவள் எழுந்திருக்க நேரம் விடுகிற மாதிரி. அல்லது அப்படி இவளுக்குத் தோன்றியது.

நாளைக்கு மாசத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. போன மாசம் ஐயர் படியில் நின்று, யார்கிட்டயாவது மனஸ்தாபம் இருந்தா முதல்ல போயி ராசியாகிட்டு வாங்க, அப்புறம் இங்க முழங்கால் போடுங்க என்றார். எப்போதும் சொல்கிறதுதான், காற்று மாதிரி காதுக்குள் போய் வந்துகொண்டிருந்த வார்த்தை, அன்றைக்கு முள்ளாய்ப் போய் நின்றுகொண்டது. பிரகாசி இடத்தை விட்டு எழும்பவில்லை. கடைசித் தூணோரம் தங்கபுஷ்பமும் எழும்பவில்லை. ஊர் முழுக்க அப்பமும் ரசமும் வாங்கிவிட்டு வந்து உட்கார, இரண்டு பொம்பளைகள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழும்பாததுதான் இவளைத் தின்றது. தப்பு செய்தவள் இவள், பட்டினி இரண்டு பேருக்கும். நாளைக்கும் அப்படித்தான் ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டே கூட்டினாள், நினைத்துக்கொண்டே கடைசித் தூணைத் தாண்டினாள், அங்கே தங்கபுஷ்பத்தின் பாய் சுருட்டிச் சாத்தியிருந்தது, ஓரம் பிரிந்த பழைய பாய், இவள் கல்யாணத்துக்கு வந்த பாய்தான், இரண்டு பேருக்கும் பொதுவாய் இருந்தது. அதன் மேல் படிந்த மண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்து நிமிர்ந்தால் பெரிய வாசல். தங்கபுஷ்பம் தன் குப்பையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, சொளவைத் தரையோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். எப்போதும் சொளவு பிடிக்கிறது பிரகாசி, தள்ளுகிறது அவள். இன்றைக்கு அவள் பிடித்திருக்கிறாள். குந்தி உட்காருகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். பிரகாசி நின்றபடியே தள்ளினாள், சிவந்த மண்ணும் வௌவால் புழுக்கையும் உதிர்ந்த ஈர்க்கும் சொளவில் ஏறின, யார் பக்கத்துக் குப்பை எது என்று இனிமேல் தெரியாது. தங்கபுஷ்பம் எழுந்து போய் வெளியே வேம்படியில் கொட்டிவிட்டு வந்தாள். வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு பிரகாசியும் உட்கார்ந்தாள், வலது காலை நீட்டிக்கொண்டு.

இனி ஜெபம். முப்பது வருஷமாய், நீயே பண்ணுட்டி, எனக்கு நாலு வார்த்தை கோக்க வராது என்பாள் அவள், இவள் ஆரம்பித்துவிடுவாள். இன்றைக்கு அவள் முக்காட்டை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிரகாசி கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள். எத்தனையோ வார்த்தைகள் வாசலில் வந்து நின்றன, கிருபை நிறைந்த, இரக்கத்தில் ஐசுவரியமுள்ள, ஒவ்வொன்றாய் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினாள். மூத்த மருமகள்கள் மாதிரி அவை நகையெல்லாம் போட்டுக்கொண்டு நின்றன, ஒன்றுக்கும் உள்ளே ஆளில்லை. வாயை மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அக்கா, எனக்கு வரல."

முப்பத்தெட்டு நாளுக்கு அப்புறம் முதல் வார்த்தை, தவளை கத்தின மாதிரி வந்தது. தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள்.

"ஒனக்கா வரல?" என்றாள். கொஞ்சம் குத்தலாகத்தான் இருந்தது. கொஞ்சம் உண்மையாகவே ஆச்சரியமாகவும் இருந்தது.

"வரலக்கா. அன்னைக்கு நான் ரூபனுக்காவப் பண்ணல. எனக்காவப் பண்ணுனேன். ஆஸ்பத்திரியில பண்ணுனதும் அப்பிடித்தான்."

 காற்று வேம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது. அப்புறம் தங்கபுஷ்பம் கையைக் கூப்பினாள், விரல் கோர்க்காமல், விருந்தாளியைக் கும்பிடுகிற மாதிரி, தொண்டையைச் செருமினாள், பிரகாசிக்குக் கண் தானாக மூடிக்கொண்டது.

"ஆண்டவரே, நான் தங்கபுஷ்பம்." நிறுத்தினாள். ஆண்டவருக்கு ஆள் தெரிய நேரம் கொடுத்தாள் போல. "கோயிலு கூட்டியாச்சி. ஆண்டவரே, எம்மவன் போன எடுக்க மாட்டேங்கான். திங்கதானா உறங்குதானா ஒண்ணும் தெரியல. அவன் ஐயராவாட்டிப் பரவால்ல. அவன் பேசுனாப் போதும். நீருதான் சொல்லணும், நான் சொன்னாக் கேக்க மாட்டான்." இன்னொரு நிறுத்தம், நீளமானது. "இவ மேல எனக்குக் கோவம் இன்னும் போகல. போயிட்டுன்னு ஒம்மகிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இவளுக்கு முட்டு வீங்கிக் கெடக்கு. மூணாந்தூணுகிட்ட ஒக்காந்துட்டா, நான் பாத்தேன். அதயும் கொஞ்சம் பாரும். ஞாயித்துக்கெழம பாட்டு தெரியாம வாய வாய அசைக்கா, ஊரே பாக்குது, எனக்கு வெக்கமா இருக்கு." அதோடு குரல் நின்றுவிட்டது. பிரகாசியின் கன்னத்தில் செம்மண்ணும் தண்ணீருமாய் ஓடியது, துடைக்கவில்லை. காற்று மறுபடி வந்து போனது.

"ஏட்டி, இத எப்பிடி முடிக்கது?"

முடிக்கப் பத்துப் பன்னிரண்டு விதம் பிரகாசிக்குத் தெரியும். எல்லாம் நாக்கு நுனிக்கு ஓடிவந்தன. விழுங்கினாள்.

"ஆமென்னு சொன்னாப் போதும்க்கா."

"அப்ப அத நீ சொல்லு. எனக்கு இன்னும் கொஞ்சம் கோவம் இருக்கு."

ஒரு வினாடி பிந்தி, பொடிச் சத்தத்தில், பிரகாசி ஆமென் என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.